ஓமத்துக்குக் கேட்காத வலி

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளிடம் ஏதாவது பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். தடுப்பூசி அட்டவணை, பதிவேடு, மாத அறிக்கை எல்லாம் என்னைவிட நன்றாகவே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதனால் நான் ஓமத்தண்ணீரைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, சிரியுங்கள்.

முப்பத்தோரு வருஷம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். வெண்ணாற்றுக்கும் வெட்டாற்றுக்கும் நடுவில் நாலு ஊர் என் பொறுப்பில் இருந்தது. அந்த நாலு ஊரிலும் வயிற்று வலி என்று நேராக என்னிடம் வந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. முதலில் அடுப்பங்கரைக்குப் போவார்கள். ஓமத்தை வறுத்துத் தட்டிக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். சீரகம், சுக்கு, மோரில் பெருங்காயம், வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு உண்டு. அதெல்லாம் முடிந்த பிறகுதான் என் ஞாபகம் வரும். அஞ்சறைப் பெட்டிக்கு அப்புறம்தான் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அந்த அவமானம் ஒரு சின்னப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெருமையையெல்லாம் அப்புறம் கேட்கலாம்.

அப்போது நான் பணியில் சேர்ந்து இரண்டாவது வருஷம். வாய்க்கால் கரைத் தெருவில் செல்வராணி என்று ஒரு பெண். நடவு, களையெடுப்பு என்று வேலைக்குப் போகிறவள். எட்டு வயதில் கவிதா என்று ஒரு மகள், அதற்கப்புறம் வெகு நாள் கழித்துப் பிறந்து மூன்று மாதமான ஆண் குழந்தை. ஒரு நாள் காலை நான் வீடு பார்க்கப் போனபோது, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாலாடையில் ஓமத்தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வயிறு உப்பி அழுதுகொண்டே இருந்ததாம்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, பாலாடையை அவள் கையிலிருந்து பிடுங்கி வாசலில் ஊற்றினேன்.

"படிச்சுப் படிச்சு சொன்னேன்ல, தாய்ப்பாலைத் தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு? பிள்ளையைக் கொல்லப் பாக்கறியா?"

எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்வராணி முந்தானையை எடுத்துக் குழந்தையை மூடிக்கொண்டாள். கைக்குழந்தைக்கு ஓமத்தண்ணீர் வேண்டாம் என்று நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அன்று வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு சைக்கிளில் ஏறிப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து ஆள் வந்தது. கவிதாவுக்கு உடம்புக்கு முடியவில்லை. போய்ப் பார்த்தேன். பாயில் சுருண்டு கிடந்தது பிள்ளை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வயிற்று வலி, விடியற்காலையிலிருந்து நாலு தரம் பேதி. உடம்பு லேசாகச் சுட்டது.

"ஏதாவது குடுத்தியா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் குடுக்கலைங்க நர்சம்மா."

வீடு முழுக்க ஓம வாசனை. அது என் மூக்குக்குத் தெரியாமல் இல்லை. அப்போது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? "பயம் வந்திருக்கிறது, நல்லதுதான்" என்று நினைத்தேன். பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுத்து, கலக்குகிற விதத்தைச் சொல்லிவிட்டு, நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று கிளம்பினேன்.

மத்தியானம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்களுக்குக் கூட்டம். அங்கே இருந்த டாக்டரம்மா என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால், தெருவில் ஒரு பேதி கேஸ் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

"வலி முதல்ல வந்துச்சா, பேதி முதல்ல வந்துச்சா?"

"வலி நேத்து மத்தியானம் டாக்டர். பேதி இன்னிக்கு விடியக்காலையில."

"நடுவுல என்ன குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கலையாம்."

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மூடினார். "பிள்ளை வலியில துடிக்கும்போது ஒரு தாய் விடிய விடிய ஒண்ணும் குடுக்காம உக்காந்திருப்பாளா சிஸ்டர்?"

கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். செல்வராணி வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்தார். பிள்ளையைத் தொடும் முன்னால் தாயிடம், "ஓமம் எப்பம்மா குடுத்தீங்க? எங்க வீட்டுலயும் அதான் முதல்ல குடுப்பாங்க" என்று சாதாரணமாகக் கேட்டார்.

செல்வராணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறாள். கேட்கவில்லை. மலம் கட்டியிருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ராத்திரி விளக்கெண்ணெய் புகட்டியிருக்கிறாள். நான் பேதி என்று நினைத்தது விளக்கெண்ணெய் பண்ணிய வேலை. டாக்டரம்மா கவிதாவின் வயிற்றில் வலது பக்கம் கீழே மெதுவாக அழுத்திக் கையை எடுத்தார். பிள்ளை காலை மடக்கிக்கொண்டு போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள் உள்ளே ஓடிவந்தார்கள்.

குடல்வால். அதற்கு விளக்கெண்ணெய் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜீப் அப்படியே தஞ்சாவூருக்குப் போனது. அங்கே வயிற்றைத் திறந்தபோது வெடித்திருந்தது. மூன்று வாரம் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்துக்கொண்டது. இன்று அதற்குப் பிள்ளைகள் இருக்கின்றன, நானே ஊசி போட்டிருக்கிறேன். ஆனால் அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையிலேயே தெரிந்திருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

டாக்டரம்மா என்னை மற்றவர்கள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில், "சிஸ்டர், அவங்க பொய் சொன்னதுல எனக்கு ஆச்சரியம் இல்லை. நீங்க அதை நம்புனதுதான் ஆச்சரியமா இருக்கு" என்றார். அவ்வளவுதான். இதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

வார்டுக்குப் போய்ச் செல்வராணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே, "நீங்க திட்டுனதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க நர்சம்மா. எங்க மாமியார் திட்டாததா? எல்லாரும் பாக்க என் கையில இருந்ததைப் பிடுங்குனீங்க. அதான் மறுபடி உங்ககிட்ட வாய் வரலை" என்றாள்.

நான் திருந்தியது அந்த வார்டு வாசலில்தான். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "வலி எப்ப ஆரம்பிச்சுச்சு?" என்பதாக இருந்ததில்லை. "வீட்டுல என்ன குடுத்தீங்க?" என்றுதான் கேட்பேன். குரலை ஏற்றாமல், குழம்பு என்ன வைத்தீர்கள் என்று கேட்கிற மாதிரி. எத்தனை மணிக்கு, எவ்வளவு, அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். ஓமத்தைப் பற்றி மட்டும் எத்தனை பக்கம் எழுதியிருப்பேன்! சிலர் வறுப்பார்கள், சிலர் வறுக்கமாட்டார்கள். சிலர் பனங்கற்கண்டு போடுவார்கள். ஒரு வீட்டில் எனக்கே ஒரு டம்ளர் கொடுத்தார்கள், காரமாகத்தான் இருந்தது, குடித்தேன். அன்றைக்கு வெயிலில் அலைந்து, கண்ட நேரத்தில் தின்ற எனக்கு வயிறு லேசானது உண்மை. அதை ஏன் மறைக்க வேண்டும்?

கைக்குழந்தைக்குக் கொடுக்க வந்தால், "பிள்ளைக்கு வேண்டாம், அதை நீங்க குடிங்க" என்பேன். தாய்மார்கள் சிரித்துக்கொண்டே குடித்துவிடுவார்கள். யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்க வேண்டிய அவசியம் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தார்கள். விளக்கெண்ணெயைப் பற்றி, மந்திரித்த கயிற்றைப் பற்றி, கடைக்காரரிடம் வாங்கிப் போட்ட மாத்திரையைப் பற்றி. நாலு ஊர் அடுப்பங்கரையும் எனக்குத் திறந்தது.

அதன் பலன் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதை நான் பெருமையோடுதான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி மாதம், குறுவை அறுப்பு. ஒரு புதன்கிழமை காலை. புதன்கிழமை என்றால் நமக்கு என்ன நாள் என்று உங்களுக்கே தெரியும். தடுப்பூசிப் பெட்டியை அங்கன்வாடியில் இறக்கி வைத்துவிட்டு, பத்து மணிக்குத் தாய்மார்கள் வருவதற்குள் ஒரு கர்ப்பிணியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். கர்ப்பிணி அவர் மருமகள், ஏழாவது மாதம். மகன் சிங்கப்பூரில் இருந்தான். மாசிலாமணிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். ஊரில் எல்லாருக்கும் முன்னால் வயலில் நிற்கிற ஆள்.

அன்று ஒன்பது மணிக்கு அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தது. மனைவி சந்திரா பக்கத்தில் நின்று டம்ளரில் எதையோ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே, வயல்ல இருக்க வேண்டிய நேரத்துல வீட்டுல இருக்கீங்க?"

"வாயுத் தொந்தரவு நர்சம்மா. நெஞ்சுக்குழியில வந்து அடைச்சுக்கிட்டு நிக்குது. இந்தா கிளம்பிட்டேன். அறுப்பு மெஷின் வந்துடுச்சு, கிழக்க மேகம் வேற கட்டுது."

"என்ன குடுத்தே சந்திரா?"

"ஆறு மணிக்கு ஓமத்தண்ணி. நடுவுல மோருல பெருங்காயம். ஏழரைக்கு மறுபடி ஓமம். இது மூணாவது."

"ஏப்பம் வந்துச்சா அண்ணே?"

"ரெண்டு தரம் வந்துச்சு. வலி அப்படியேதான் இருக்கு."

அந்தப் பதிலில்தான் எனக்குச் சுருக்கென்றது. அவர் முதுகைப் பார்த்தேன். மேகமூட்டம், மேலே மின்விசிறி சுற்றுகிறது, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. வலி எங்கே என்று கேட்டால் விரலால் காட்டவில்லை. முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"வேற எங்கயாவது வலிக்குதா?"

"கடவாய்ப்பல்லு. அது பழைய சொத்தை."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"ரெண்டு பக்கமுமா சொத்தை?"

அவர் தாடையைத் தடவிப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தேன். அவருக்கு எப்போதும் இருப்பதைவிட இறங்கியிருந்தது. பின்கட்டுக்குப் போய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டேன். அப்போது இருந்த டாக்டர் சின்ன வயதுப் பையன், நல்ல சூட்டிகை. நான் சொல்லி முடிப்பதற்குள், "உடனே இங்க கொண்டு வாங்க சிஸ்டர். ஈசிஜி எடுத்துடலாம், மாத்திரை ரெடியா இருக்கு. 108-ஐ இங்கயே வரச் சொல்றேன்" என்றார். 108 வண்டி வேறு ஒரு கேஸுக்குப் போயிருந்தது. வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும். காத்திருப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பக்கத்து வீட்டு லோடு ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

இனிமேல்தான் கஷ்டம். மாசிலாமணி எழுந்து நின்றுவிட்டார். "ரெண்டு மணி நேரம் நர்சம்மா. அறுத்து முடிச்சதும் நானே வந்து காட்டறேன். இந்த மெஷின் போனா அடுத்து எப்ப வருமோ. நெல்லு நனைஞ்சுதுன்னா அவ்வளவுதான்."

பிடித்து இழுத்தால் வரமாட்டார். மாரடைப்பு என்று அந்த இடத்தில் கத்தினால் மருமகள் மயங்கி விழுவாள், இவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று படியிறங்கிவிடுவார். அந்தப் படியை இறங்கி, வரப்பில் நடந்து, வயலில் நின்றால் திரும்பி வருவாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஓமத்தை நம்பி மூன்று மணி நேரத்தை வீணாக்கிவிட்டீர்களே என்று ஒரு வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். சந்திரா பக்கம் திரும்பினேன்.

"சந்திரா, உங்க வீட்டு ஓமம் எப்படி?"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் நர்சம்மா? நல்ல ஓமம்தான். இந்தத் தெருவுல யாருக்கு வயித்துவலின்னாலும் இங்கதான் வந்து வாங்கிட்டுப் போவாங்க."

"வாயுன்னா எவ்வளவு நேரத்துல கேக்கும்?"

"அரை மணி நேரத்துல கேட்டுடும்."

"ரெண்டு தரம் குடிச்சாச்சு. ஏப்பமும் வந்தாச்சு. மூணு மணி நேரம் ஆச்சு, கேக்கலை. ஓமம் நல்ல ஓமம்னா, அப்ப இது என்ன?"

சந்திரா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறியதை இப்போதும் பார்க்க முடிகிறது. "நெஞ்சா நர்சம்மா?" என்றாள், சத்தமே வராமல்.

"இருக்கலாம். ஒரு படம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சுடும். அங்க டாக்டர் காத்துக்கிட்டிருக்கார்."

"மெஷினு..." என்று ஆரம்பித்தார் மாசிலாமணி.

சந்திரா அவர் தலையிலிருந்த துண்டை உருவித் தன் தலையில் கட்டிக்கொண்டாள். "மெஷினுக்கு நான் நிக்கிறேன். எனக்குத் தெரியாத வயலா? நீங்க போயி அந்தப் படத்தை எடுத்துக்கிட்டு வாங்க." அப்புறம் என்னிடம், "நீங்க கூடப் போறீங்கல்ல?" என்றாள்.

"போறேன்."

அவளுக்குக் கூட வரத்தான் ஆசை. அவள் வயலுக்குப் போகாவிட்டால் அவர் வண்டியில் ஏறமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவள் இல்லையா.

நடந்து வருகிறேன் என்றவரை நாற்காலியோடு தூக்கி வண்டியில் வைக்கச் சொன்னேன். "கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்று அவரே சிரித்தார். அங்கன்வாடி டீச்சருக்குப் போன் செய்து, பெட்டியைத் திறக்க வேண்டாம், தாய்மார்களை இருக்கச் சொல்லுங்கள் என்றேன். வழி நெடுக அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மழை வருதா பாருங்க நர்சம்மா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் வானத்தைப் பார்க்கவில்லை. அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டு, "வரலை அண்ணே, வரலை" என்றேன்.

ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மாத்திரைகளைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் 108 வந்தது, தஞ்சாவூர் வரைக்கும் நானும் கூடப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். தஞ்சாவூரில் அன்றைக்கே ரத்தக்குழாய் அடைப்பை எடுத்துவிட்டார்கள். வயலுக்குப் போயிருந்தால் தாங்கியிருக்காது என்று அங்கே சொன்னார்களாம்.

சந்திரா இரண்டு மணிக்கு அறுப்பை முடித்துவிட்டாள். மூன்று மணிக்கு மழை கொட்டியது. நெல் மூட்டையெல்லாம் உள்ளே போய்விட்டிருந்தது. தலைமுடியில் வைக்கோல் தூசியோடு அப்படியே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றாளாம்.

அந்த மழைக்குள் நனைந்துகொண்டே நான் அங்கன்வாடிக்கு வந்தபோது மணி நாலு. ஒரே ஒரு தாய் மட்டும் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தாள். மற்ற எல்லாரும் காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் அவர்களுக்கும் சாம்பார் சாதம் போட்டிருந்தார். ஒரு குழந்தைக்கும் ஊசி தவறவில்லை.

தடுப்பூசி நாளில் இடத்தை விட்டுப் போனதற்கு என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஒரு வரி சேர்த்துவிடு என்றார்கள் உடன் வேலை பார்த்தவர்கள். நான் சேர்க்கவில்லை. டாக்டர் தன் கையெழுத்தையும் போட்டு அனுப்பினார், அதோடு முடிந்தது.

ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டு போய்விடாதீர்கள். நெஞ்சில் வலி என்றால் ஓமம் கொடுத்து அரை மணி நேரம் பாருங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அந்த மூன்று மணி நேரம் அவர் உயிரோடு விளையாடிய நேரம். ஆனால் நீங்கள் போய் நிற்கும்போது அந்த நேரம் ஏற்கெனவே போயிருக்கும். என்ன கொடுத்தார்கள் என்று அவர்களாகச் சொன்னால்தான் மீதி நேரமாவது உங்களுக்குக் கிடைக்கும். அப்படிச் சொல்ல வைப்பது உங்கள் நாக்கில் இருக்கிறது.

நான் ஓய்வு பெறுகிற மாதம். ஒரு காலை ஏழே முக்காலுக்குப் போன் வந்தது. என் நாலாவது ஊரிலிருந்து, நடவு வேலைக்குப் போகிற ஓர் அம்மா. அவர் வீட்டுக்கு நான் அதிகம் போனதுகூட இல்லை.

"நர்சம்மா, எங்க வீட்டுக்காரருக்கு வயித்துவலி. ஆறரைக்கு ஓமத்தண்ணி குடுத்தேன், பாதிதான் கேட்டிருக்கு. இன்னொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி உங்களைக் கேக்கலாம்னு. வேர்க்குதான்னு பாத்தேன், வேர்க்கலை. தாடை வலி, கை வலி இல்லை. காய்ச்சல் இல்லை. வலது பக்கம் அமுக்கிப் பாத்தேன், கத்தலை. விளக்கெண்ணெய் குடுக்கலை, குடுக்கவும் மாட்டேன்."

இத்தனையையும் நான் அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாய்க்கால் கரையில், நடவு வயலில், யாரிடமிருந்து யாருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டேன்.

"மச்சினன் வீட்டு விசேஷம். பிரியாணி." கொஞ்சம் தயங்கி, "மூணு தட்டு" என்றார்.

"எதுக்கும் இங்க அழைச்சுக்கிட்டு வாங்க, ஒரு தரம் பாத்துடறேன்."

அரை மணியில் வந்துவிட்டார்கள். மொபெட்டை அந்த அம்மா ஓட்டிவந்தார். வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் வெட்கத்தோடு சிரித்தார்.